இரு வேற்றுமைகள்: தன்னம்பிக்கை எழுத்து பற்றிச் சில குறிப்புகள்

தன்னம்பிக்கை நூல்களை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது நம்மிடையே கௌரவக் குறைவான காரியம். பேருந்து நிலையக் கடைகளில் ஜோதிடத்துக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே அடுக்கிவைக்கப்படுகிற சரக்கு, இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்ற முகச்சுளிப்போடு விஷயம் முடிந்துவிடுகிறது. இந்த முகச்சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. முன்பின் தெரியாத ஒருவனை எழுத்தின் மூலம் நேராகக் கூப்பிட்டு, நீ உன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் தவறு, அதை மாற்றிக்கொண்டு எழுந்து ஒரு காரியம் செய் என்று சொல்வது சாதாரணத் துணிச்சல் இல்லை. நம் கவிதையும் கதையும் இந்தத் துணிச்சலை எப்போதோ கைவிட்டுவிட்டன. நாம் கைவிட்டது சரியா, அவர்கள் கைக்கொண்டது சரியா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இந்த நூல்களின் வாக்குறுதி பலிக்குமா, படித்தவன் பணக்காரனாவானா என்பது இங்கே என் அக்கறை இல்லை. எழுத்து என்ற முறையில் இவை என்ன செய்கின்றன, யாரை நோக்கிப் பேசுகின்றன, அந்த யாரோ முன்னதாக என்ன சொல்லியிருந்ததற்கு இவை பதில் சொல்கின்றன என்பதே என் அக்கறை. பதில் என்றால் அதற்கு முன் ஒரு பேச்சு இருந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சை இந்த எழுத்து காதில் வாங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தமிழில் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-ல் தொடங்கிவைத்த வகை இது. 1903-ல் வெளிவந்த ஜேம்ஸ் ஆலனின் சிறு நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. மனம்போல வாழ்வு, அகமே புறம் என்ற தலைப்புகளே தத்துவத்தைச் சொல்லிவிடுகின்றன: உள்ளே எப்படியோ வெளியேயும் அப்படி. பிறகு தொண்டிக்காரரான அப்துற் றஹீம் வாழ்க்கையில் வெற்றி போன்ற நூல்களால் இரண்டு தலைமுறை வாசகர்களைப் பிடித்து வைத்திருந்தார். எண்பதுகளில் எம்.எஸ்.உதயமூர்த்தி வந்தார். அமெரிக்காவில் ரசாயனம் படித்து, கற்பித்து, தொழில் நடத்தித் திரும்பியவர். எண்ணங்கள், உன்னால் முடியும் தம்பி ஆகிய புத்தகங்கள் அவருடையவை. இரண்டாவதன் தலைப்பையே கே.பாலசந்தர் 1988-ல் தன் படத்துக்கு வைத்தார், கதாநாயகனுக்கும் உதயமூர்த்தி என்றே பெயர். அதே ஆண்டு உதயமூர்த்தி மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார்.

இவர்களை ஒரே கட்டாகக் கட்டி எறிந்துவிட முடியாது. வ.உ.சி.யை எடுத்துக்கொள்வோம். 1906-ல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர். 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களைச் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியவர். அந்தத் தொழிலாளர்களுக்கு, ஆலை முதலாளியை எதிர்த்து நிற்க முடியாது என்பது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கையாகத்தான் இருந்திருக்கும். அது சில நாட்களில் உடைந்தது, நிர்வாகம் இறங்கிவந்தது. அப்போது வ.உ.சி. அவர்களுக்கு எண்ணத்தின் மகிமையைப் போதிக்கவில்லை. கூட்டம் கூட்டினார், கோரிக்கைகளை வகுத்தார், வேலையை விட்டவர்களின் வயிற்றுப்பாட்டுக்கு ஊராரிடம் உதவி திரட்டினார். ஆலனை அவர் மொழிபெயர்த்தது அதன் பிறகு, சிறையில். செக்கிழுத்த மனிதனுக்கு வெளியே எதுவும் தன் கையில் இல்லை, உள்ளே மட்டும்தான் மிச்சம் என்றானபோது, அகமே புறம் என்பது ஒரு பிடிமானம். அவரிடம் அந்தப் புத்தகம் செயலுக்கான தூண்டுதலாக இல்லை, செயல் பறிக்கப்பட்டவனின் சகிப்பாக இருந்தது. வெளியே வந்தபின் புறம் அவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதைத் தமிழ்நாடு அறியும். 1936-ல் அவர் இறந்தது வறுமையில்.

இந்த வரிசையில் முதல் மொழிபெயர்ப்பாளனின் வாழ்க்கையே மூலநூலின் வாதத்தை மறுக்கிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சிறைக்குள் எழுந்த ஆறுதலைச் சிறைக்கு வெளியே இருப்பவனுக்கு விதியாக மாற்றிவிட்டார்கள்.

உதயமூர்த்தியிடம் நான் மதிக்கிற அம்சம் உண்டு. தனிமனித முன்னேற்றத்தோடு அவர் நிற்கவில்லை, ஊரைப் பற்றியும் நதிகளைப் பற்றியும் பேசினார், நேர்மையாகவே பேசினார். ஆனால் அவர் தலைப்பிலுள்ள மூன்று சொற்களும் கவனிக்கத் தக்கவை. தம்பி என்ற விளியைத் தமிழ் மேடை ஏற்கெனவே பழக்கிவைத்திருந்தது; அண்ணாதுரை தன் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் தம்பிக்கு எழுதியவை. பேசுகிறவன் அண்ணன், கேட்கிறவன் தம்பி. அண்ணனுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. தங்கை இந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. இருந்தாலும் தம்பியை விட்டுவிட்டு மற்ற இரண்டு சொற்களுக்கு வருகிறேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

*

நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. அனுமந்தன்பட்டியில் குடியிருக்கிறேன். கவுண்டருக்கு அந்தப்புறம் நிற்கிறவர்கள் தங்களால் இயலாததை எப்படிச் சொல்கிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறேன். "என்னால் முடியாது" என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை. சீட்டை நீட்டினால், "எனக்கு எழுத வராதுங்க" என்பார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால், "நமக்குப் படிப்பு வரலைங்க" என்று கட்டைவிரலை மைப்பெட்டியின் பக்கம் கொண்டுபோவார்கள்.

இலக்கணத்தைப் பாருங்கள். "எனக்கு எழுத வராது." இதில் 'நான்' எழுவாய் இல்லை. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறது. வர வேண்டியது எழுத்து. எழுத்து வரவில்லை, வாசல்வரைகூட வரவில்லை. இதைச் சொல்கிறவள் தன் மனத்தைப் பற்றி எதுவும் அறிவிக்கவில்லை. தன்னை நோக்கி ஒன்று வந்துசேரவில்லை என்ற சரித்திர உண்மையைச் சொல்கிறாள். அவள் ஊரில் பள்ளிக்கூடம் இருந்திருக்கும், தம்பி போயிருப்பான், அவள் தம்பியின் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

இதற்குப் பதில் என்று நம் நூல்கள் சொல்வது, "உன்னால் முடியும்". இது மூன்றாம் வேற்றுமை. 'ஆல்' என்பது கருவியையும் கர்த்தாவையும் குறிக்கிற உருபு. வாளால் வெட்டினான், தச்சனால் செய்யப்பட்டது. நான்காம் வேற்றுமையில் சொன்ன முறையீட்டுக்கு மூன்றாம் வேற்றுமையில் பதில் வருகிறது. வராததைப் பற்றிச் சொன்னவளுக்கு, வராமல் போனதற்கு நீயே காரணம், வரவைப்பதற்கும் நீயே கருவி என்று விடை கிடைக்கிறது. அவள் பேச்சு காதில் விழவே இல்லை. தன்னம்பிக்கை எழுத்தின் மொத்தக் கோளாறும் இந்த உருபு மாற்றத்தில் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். பாவனையில் அது உற்சாகம், கட்டமைப்பில் அது குற்றச்சாட்டு.

'வராது' மட்டும் இல்லை. காது கொடுத்துக் கேட்டால் இந்தப் பகுதியில் மூன்று 'இல்லை'கள் தனித்தனியாகப் புழங்குகின்றன. வராது என்பது பயிற்சியின்மை. கூடாது என்பது பிறர் விதித்த தடை. பொம்பளை அங்கே போகக் கூடாது, நாம அதைக் கேட்கக் கூடாது. கட்டுபடியாகாது என்பது கணக்கு. திராட்சைப் பந்தல் போட்டவனிடம் புதிய ரகத்துக்கு மாறு, புதிய சந்தையைப் பிடி என்று பயிற்சி முகாமில் ஒருவர் பேசிவிட்டுப் போகிறார். அவன் கட்டுபடியாகாது என்கிறான். பேச்சாளர் இதை மனத்தடை என்பார். அது மனத்தடை இல்லை, கூட்டல் கழித்தல். நகையை எத்தனை முறை அடகு வைத்தான், எத்தனை முறை வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்தான் என்பது என் பேரேட்டில் இருக்கிறது. அவன் கணக்கு சரி.

மூன்று இல்லைகளையும் உருக்கி 'எதிர்மறை எண்ணம்' என்ற ஒரே கட்டியாக்கிவிடுவதுதான் இந்த எழுத்தின் உத்தி. ஒரே கட்டியாக்கினால் ஒரே மருந்து போதும். ஆனால் மூன்றுக்கும் மூன்று பதில் வேண்டும். வராததைக் கொண்டுவர வேண்டும். கூடாது என்பதைப் பகிரங்கமாக மீற வேண்டும், அதுவும் தனியாக இல்லாமல் கூட்டமாக. கட்டுபடியாகாததற்குப் பணம் வேண்டும், அல்லது விலை வேண்டும்.

*

எங்கள் பள்ளத்தாக்கில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ஒரு ஆயத்த உதாரணம் கிடைத்திருக்கிறது: பென்னிகுயிக். ஜனவரி 15-ல் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-லிருந்து மணிமண்டபம் இருக்கிறது. இந்த நன்றியில் பொய் இல்லை. இருபோகம் விளைகிற வயல்களைப் பார்க்கிற எவனுக்கும் அது புரியும். ஆனால் மேடையில் சொல்லப்படுகிற கதை வேறு மாதிரி. எல்லோரும் முடியாது என்றார்கள், ஒரு மனிதன் முடியும் என்று நினைத்தான், சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினான், நீயும் நினைத்தால் முடியும். கேட்கிற பையன்கள் கைதட்டுகிறார்கள்.

நடந்தது என்ன? மேற்கே ஓடுகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுயிக்குக்கு நூறு வருஷம் முந்தியது. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்தார். பணம் இல்லாமல் கைவிடப்பட்டது. 1808-ல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் (பாதிரியார் கால்டுவெல் இல்லை) ஆராய்ந்துவிட்டு நடவாத காரியம் என்று எழுதிவைத்தார். 1850-ல் ஒரு சிறு முயற்சி தொடங்கிக் காய்ச்சலாலும் கூலித் தகராறாலும் நின்றது. பிறகு 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. செத்தவர்களின் எண்ணிக்கை அரசாங்கத்தை அசைத்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை கையெழுத்தானது. அரசுப் பணம் ஒதுக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரை கைவந்தது. மலையைக் குடையும் தொழில் வந்தது. வெள்ளம் கட்டியதை அடித்துப்போனது, மறுபடி கட்டினார்கள். காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் மாண்ட கூலிகளின் புதைகுழிகள் அங்கே இருக்கின்றன. 1895-ல் தண்ணீர் வந்தது.

சொத்தை விற்ற கதைக்கு ஆவண ஆதாரம் இல்லை என்று சொன்னால் இங்கே கோபப்படுவார்கள். கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கதை இல்லாமலே பென்னிகுயிக் பெரிய மனிதர்தான். விடாப்பிடி இல்லாமல் அந்த அணை எழுந்திருக்காது. ஆனால் 1808-ல் 'முடியாது' என்றவன் கோழை இல்லை, 1895-ல் 'முடிந்தது' என்றவன் மந்திரவாதி இல்லை. நடுவில் பணம், குத்தகை, காரை, பஞ்சம், பெயரில்லாத ஆயிரக்கணக்கான கைகள் வந்துசேர்ந்தன. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு ஒரு மனிதனின் நெஞ்சுறுதியை மட்டும் வடிகட்டிக் கொடுக்கிறபோது, கேட்கிறவனுக்குக் கிடைப்பது உத்வேகம் போலத் தோன்றும் ஒரு அவமானம். ஒற்றை ஆளாக அணை கட்டியவன் இருக்கிறான், நீ ஒரு நேர்முகத் தேர்வில் தேறவில்லை.

*

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சாட்சியம் இருக்கிறது. இலக்கியவாதிகள் அதில் கணிசமாகப் பங்குகொண்டும், நம் விமர்சனம் அதைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டது குறைவு. அறிவொளி இயக்கத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக நடந்தது. அரசு நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கைகோத்த விசித்திரக் கூட்டணி. எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், வேலையில்லாத பட்டதாரிகள் எல்லோரும் பாட்டும் வீதி நாடகமுமாகத் தெருவில் இறங்கினார்கள். ச.தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை இருளும் ஒளியும் என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

புதுக்கோட்டையில் இது 1991-ல் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். படிப்போடு சைக்கிளையும் சேர்த்தார்கள். கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டுவதென்பது அப்போது நினைத்துப் பார்க்க முடியாத காட்சி. அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால் "நமக்கு வராது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாயில் வந்தது வராது. அதன் அடியில் கூடாது இருந்தது, அதற்கும் அடியில் கட்டுபடியாகாது இருந்தது.

இயக்கம் என்ன செய்தது? முதலாவதுக்குப் பழக்கிவிட ஆள் வைத்தது. பழகிய பெண்ணே அடுத்தவளுக்குப் பழக்கினாள். இரண்டாவதற்குப் பாட்டு கட்டியது. முத்துநிலவன் எழுதிய சைக்கிள் பாட்டு தங்கச்சியை விளித்தது, தம்பியை இல்லை. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்ததை பி.சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். அத்தனை பேர் ஒன்றாக வருகிறபோது 'கூடாது' என்று சொல்ல ஊரில் எவனுக்கும் வாய் வராது. மூன்றாவதற்கு வங்கிக் கடன். சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்க ஆட்சியர் வங்கிகளை இணங்கவைத்தார். குமாஸ்தாவாகச் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை. வருமானம் ஈட்டித் தராத பொருளுக்கு, ஈடில்லாதவளுக்கு, எழுதத் தெரியாதவளுக்குக் கடன் என்ற யோசனைக்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது.

அந்த மாவட்டத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்பது சாய்நாத் தருகிற கணக்கு. ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்களாம், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. எனக்கு இந்த விவரம் எந்தத் தன்னம்பிக்கை நூலையும்விட முக்கியமாகத் தெரிகிறது. தன் வாழ்க்கைக்குப் பொருந்துகிறாற்போல் ஒரு கருவியைத் தானே தேர்ந்தெடுக்கிற இடத்துக்கு அவள் வந்துவிட்டாள். இனிமேல் அவளிடம் 'உன்னால் முடியும்' என்று சொன்னால் சிரிப்பாள்.

அறிவொளி பிறகு சோர்ந்தது. கற்ற எழுத்தைப் பழக வாய்ப்பில்லாமல் பலர் மறந்தார்கள் என்ற குறையும் உண்மை. ஆனால் அது தோற்ற இடத்திலும் தோற்றது எண்ணத்தின் பலவீனத்தால் இல்லை. வந்துகொண்டிருந்தது வராமல் நின்றதால்.

மனோதத்துவக்காரர்கள் இதையே தங்கள் பாஷையில் சொல்கிறார்கள். ஆல்பர்ட் பண்டூரா 1977-ல், தன்னால் ஒன்று ஆகும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து பார்த்தது, தன்னைப்போன்ற ஒருத்தர் செய்யப் பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது, தன் உடம்பின் நடுக்கமும் நிதானமும். இவற்றில் வலுவானது செய்து பார்த்தது. சொல்லக் கேட்டது அதைவிடப் பலவீனம். செலிக்மனும் மேயரும் 1967-ல் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து, தப்ப வழியில்லாத துன்பத்தில் உயிர்கள் கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொள்கின்றன என்றார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல், அதே இருவரும் மூளை ஆராய்ச்சிகளின் அடிப்படையில் அதைத் தலைகீழாகத் திருத்தினார்கள். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது இயல்பான ஸ்திதி, கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடு தன் கையில் இருக்கிறது என்பதுதான் என்றார்கள். எழுத வராது என்றவளின் வாக்கியத்தில் இது முன்பே இருக்கிறது. வராதது வராதது, அவ்வளவுதான். வந்தால் வரும்.

*

இனி நம் விஷயம். இந்த இதழைப் படிக்கிற சில நூறு பேருக்கு மேலே சொன்னதில் சங்கடம் இல்லை. பேச்சாளனைக் கண்டித்தாயிற்று, தெரு நாடகத்தைப் புகழ்ந்தாயிற்று, நமக்குச் சம்பந்தமில்லை. ஆனால் நாமும் ஒரு 'வராது' வைத்திருக்கிறோம். அது நம்மைப் பற்றியது இல்லை, வாசகனைப் பற்றியது. அவனுக்குக் கவிதை வராது. அவனுக்கு நவீன ஓவியம் வராது. உதயமூர்த்தி தன் வாசகனிடம் எல்லாம் உன் கையில் என்று மிகையாகச் சொன்னார். நாம் எதுவும் உன் கையில் இல்லை என்று சொல்லாமலே சொல்கிறோம். இரண்டுமே அவனிடம் எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

கவிதை மனிதனைச் செயலுக்குத் தூண்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோரிக்கையின் விளைவுகளை அரசியல் மேடைக் கவிதைகளில் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. 'எழு', 'உடை', 'பொங்கு' என்ற ஏவல் வினைகள் கவிதையில் வந்தால் நானும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். அவையும் மூன்றாம் வேற்றுமையின் சொந்தக்காரர்கள்தான். நம் நவீன கவிதை இந்தக் கூச்சலிலிருந்து விலகி, இயலாமையையே பொருளாக எடுத்துக்கொண்டது ஒரு நேர்மை. ஆனால் அந்த இயலாமை நாளாவட்டத்தில் ஒரு அணியாக மாறிவிட்டது. என்னால் முடியாது என்று கவிஞன் அழகாகச் சொல்கிறான். எது முடியாது, வராததா, கூடாததா, கட்டுபடியாகாததா என்று கேட்டால் பதில் இல்லை. தன்னம்பிக்கை நூல் மூன்று இல்லைகளையும் உருக்கி 'எதிர்மறை எண்ணம்' என்றது. நாம் உருக்கி 'இருப்பின் அவலம்' என்றோம். கட்டி ஒன்றுதான், முத்திரைதான் வேறு.

இலக்கியத்தின் வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்வேன். நம்பிக்கை ஊட்டுவது அதன் வேலை இல்லை, அவநம்பிக்கையை அழகுபடுத்துவதும் இல்லை. ஒருத்தி 'வராது' என்கிறபோது அந்தச் சொல்லுக்கு அடியில் எந்த இல்லை இருக்கிறது என்று பிசகாமல் கேட்டுச் சொல்வது. விடியற்காலையில் எங்கள் ஊர்களிலிருந்து கேரள ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கி ஏறிப்போகிற பெண்களுக்கு, மலையேறுவதற்கு முந்தைய ஒரு நிமிஷ மௌனம் இருக்கிறது. அதில் பயம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற ஒரு கதை வந்தால், அது யாரையும் எழு என்று ஏவ வேண்டியதில்லை. எதை மாற்ற வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். செயல் அதற்குப் பிறகு, செய்கிறவர்களுடையது.

கேட்டுச் சொல்வது ஒரு பாதி. கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. இதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. சி.சு.செல்லப்பா எங்களுக்குப் பக்கத்து வத்தலக்குண்டுக்காரர். 1959-லிருந்து 1970 வரை எழுத்து பத்திரிகையைக் கைக்காசு கரைய நடத்தியவர். தமிழ் வாசகனின் ரசனையைப் பற்றி அவருக்குக் கசப்பு நிறைய இருந்தது. ஆனாலும் புத்தக மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். இவர்களுக்கு வராது என்று மனசில் எண்ணியிருக்கலாம், கால்கள் அந்த எண்ணத்தைக் கேட்டு நிற்கவில்லை. அகமே புறம் என்ற சூத்திரத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது. கொண்டுவந்து கொடுக்கப்பட்டதால்தான் அந்தக் கவிதைகள் சிலருக்கு வந்தன. அந்தச் சிலரின் வழியாகத்தான் அவை நமக்கு வந்தன.

எங்கள் கிளையில் மகளிர் குழுக்களின் பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பு சுற்றுமுறையில் மாறுகிறபோது, நேற்றுவரை கைநாட்டு வைத்தவள் அடுத்த மாதம் பெயரை எழுதிப் பழகி வந்து நிற்பதைப் பார்க்கிறேன். யாரும் அவளுக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை. முறை வந்தது, பக்கத்து வீட்டுப் பெண் பழக்கினாள், பேனா கையில் இருந்தது. எழுத்துகள் கோணல்மாணலாக, கட்டத்தை மீறி விழுகின்றன. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்ப விதி இடம் தருகிறது. நான் அனுப்புவதில்லை.

நம் இதழ்கள் இந்த வருஷம் ஊர்ப்புற நூலகங்களில் வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும் என்பது என் யோசனை. ஒரு கதை, இரண்டு கவிதை, கேட்பவர்கள் பத்துப் பேர் போதும். விளக்கவுரை வேண்டாம். கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் அடுத்த இதழில் அவர்கள் சொன்ன வேற்றுமையிலேயே அச்சிடுவோம். இது இலக்கியத்தின் காரியம் இல்லை என்று நினைக்கிறவர்கள் காரணத்தோடு எழுதட்டும், பதில் சொல்கிறேன்.